பள்ளிக்கூடத்து டேபிள் டென்னிஸ் மேசை: 14 மாதம் ஆடிய பிறகு எழுதுவது

முதலில் ஒரு ஸ்கேல் எடுத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் ஜியோமெட்ரி பாக்ஸில் வைத்திருக்கும் சின்ன ஸ்கேல் போதாது, 30 சென்டிமீட்டர் ஸ்கேல் வேண்டும். மேசை மேல் அதை நேராக நிறுத்தி, அதன் உச்சியிலிருந்து ஒரு நல்ல பந்தைக் கையிலிருந்து நழுவ விடுங்கள். அடித்து எழும்பும் பந்து ஸ்கேலில் 23 பக்கம் வர வேண்டும். நடுவில், நான்கு மூலைகளில், நெட்டை ஒட்டி, எங்கே போட்டாலும் அதே 23. சர்வதேச விதி அப்படித்தான் சொல்கிறது. கடைக்காரர் என்ன சொன்னாலும், ஸ்டிக்கரில் என்ன எழுதியிருந்தாலும், இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் டேபிள் டென்னிஸ் மேசைக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

இந்தப் பாடத்துக்கு நாங்கள் கொடுத்த விலை 4,000 ரூபாய். அது என் பணமும் இல்லை. பள்ளிக்கூடத்துப் பழைய மாணவர்கள் பிரித்துக் கொடுத்தது. இன்னொரு பள்ளிக்கூடம் அந்த 4,000 ரூபாயை இழக்கக் கூடாது என்றுதான் இவ்வளவு விவரமாக எழுதுகிறேன்.

நான் சேரன்மகாதேவி பக்கம் ஒரு பள்ளியில் உடற்கல்வி ஆசிரியை. பிறந்து வளர்ந்தது விக்கிரமசிங்கபுரம். அப்பாவுக்கு மில்லில் வேலை. குடியிருப்பு மன்றத்தில் ஒரு பச்சை மேசை கிடந்தது, அதில்தான் கற்றுக்கொண்டேன். அந்தக் காலத்துப் பந்து 38 மில்லிமீட்டர், செல்லுலாய்டில் செய்தது. உடைந்த பந்தைப் பையன்கள் குளத்துக்கரைக்குக் கொண்டுபோய்க் கொளுத்துவார்கள், குப்பென்று பிடிக்கும். கற்பூர வாசம் அடிக்கும். செல்லுலாய்டில் கற்பூரம் சேர்த்திருக்கிறார்கள் என்பது பின்னால் பாடம் படித்தபோதுதான் தெரிந்தது. ஒடுங்கிய பந்தாக இருந்தால் கொளுத்த விட மாட்டோம். சுடுதண்ணீரில் போட்டால் மறுபடி உருண்டையாகி எழுந்து வரும், இன்னும் இரண்டு நாள் ஆடலாம். ஒரு ஆட்டத்துக்கு 21 பாயின்ட், ஆளுக்கு ஐந்து சர்வீஸ். இப்போது 11 பாயின்ட், இரண்டு சர்வீஸ். பந்து 2000ல் 40 மில்லிமீட்டராகப் பெரிதாகி, 2014 முதல் செல்லுலாய்டு இல்லாத பிளாஸ்டிக்குக்கு மாறிவிட்டது. இத்தனை மாறியும் மேசை மட்டும் அப்படியே இருக்கிறது. நீளம் 2.74 மீட்டர், அகலம் 1.525 மீட்டர், தரையிலிருந்து உயரம் 76 சென்டிமீட்டர். எங்கள் ஊர் ஆசாரி கணக்கில் ஒன்பதடிக்கு ஐந்தடி, இரண்டரையடி உயரம்.

பள்ளியில் இருந்த பழைய மேசையும் ஆசாரி செய்ததுதான், ப்ளைவுட். இருபது வருஷத்துக்கு மேல் உழைத்தது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணியில் வந்த வெள்ளம் இந்தப் பக்கத்து ஆள் யாருக்கும் மறக்காது. வாய்க்கால் தண்ணீர் எது, ஆற்றுத் தண்ணீர் எது என்று பிரித்துச் சொல்ல முடியாதபடி ஹாலுக்குள் இடுப்பளவு நின்றது. வடிந்த பிறகு கதவைத் திறந்து பார்த்தால், மேசை எண்ணெயில் போட்ட கல்லிடைக்குறிச்சி அப்பளம் மாதிரி உப்பிக் கிடக்கிறது. "விறகுக்குத்தான் ஆகும் டீச்சர்" என்றார் வாட்ச்மேன் தாத்தா. நான் ஒன்றும் பேசவில்லை. அந்த மேசையில்தான் என் பிள்ளைகள் பதினோரு பேர் ஆடிக்கொண்டிருந்தார்கள்.

பழைய மாணவர்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு போட்டோ மட்டும் போட்டேன். மும்பையில் கடை வைத்திருப்பவர், துபாயில் வெல்டர், இங்கேயே அரிசி மண்டி நடத்துபவர் என்று ஆளுக்குக் கொஞ்சமாக அனுப்பி, நான்கு மாதத்தில் 62,000 ரூபாய் சேர்ந்தது.

அப்புறம்தான் தவறு நடந்தது. ஒரு பெரிய ஊர்க் கடையில் 19,500 ரூபாய்க்கு ஒரு மேசை இருந்தது. "டோர்னமென்ட் குவாலிட்டி, அப்ரூவ்ட் டேபிள்" என்று போனில் சொன்னார்கள். இந்த விலையில் இரண்டு வாங்கலாமே, பதினோரு பிள்ளைகளும் காத்துக்கொண்டு நிற்க வேண்டாமே என்ற ஆசை எனக்கு. 2024 ஜூன் மாதம் வந்து இறங்கியது. பார்க்க நன்றாகத்தான் இருந்தது. நீலப் பலகை, வெள்ளைக் கோடு, பக்கவாட்டில் தங்க நிற ஸ்டிக்கர். டேப் வைத்து அளந்தேன். நீளம் சரி, அகலம் சரி, உயரமும் சரி. பிள்ளைகள் ஆட ஆரம்பித்துக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை. எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி நின்று, "டீச்சர், இந்த மூலையில பந்து எந்திரிக்கவே மாட்டேங்கு" என்றாள்.

ஸ்கேலை எடுத்து வந்து போட்டுப் பார்த்தோம். நடுவில் 22. இடது மூலையில் 17. காலுக்கு நேர் மேலே இருந்த இடத்தில் 21, அங்கிருந்து ஒரு சாண் தள்ளிப் போனால் 18. பலகையின் கனம் 16 மில்லிமீட்டர்தான், அடியில் தாங்கு சட்டமும் போதவில்லை. அதனால் தாங்கல் இருக்கும் இடத்தில் ஒரு மாதிரியும் இல்லாத இடத்தில் வேறு மாதிரியும் பந்து எழும்பியது. தங்க ஸ்டிக்கரில் "அப்ரூவ்ட்" என்று இருந்தது. யார் அப்ரூவ் செய்தார்கள் என்று ஒரு எழுத்து இல்லை.

திருப்பி எடுக்கச் சொல்லி மூன்று வாரம் போராடி, 4,000 ரூபாய் பிடித்துக்கொண்டு மீதியைக் கொடுத்தார்கள். கடை பெயரை எழுதவில்லை. இப்படி விற்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், ஒரு பெயரைச் சொன்னால் மற்ற இடத்தில் வாங்கலாம் என்று ஆகிவிடும்.

இந்த முத்திரை விஷயத்தில் எனக்கு ஏன் இவ்வளவு அக்கறை என்று கேட்கலாம். வெள்ளத்துக்கு நான்கு மாதம் முன்னால், 2023 ஆகஸ்டில், அதே எட்டாம் வகுப்புப் பிள்ளையை (அப்போது ஏழாவது) மதுரையில் ஒரு போட்டிக்கு அழைத்துப் போனேன். அவள் அப்பா டீக்கடை வைத்திருக்கிறார். அதிகாலை மூன்றரை மணிக்குப் பாலைக் காய்ச்சி வைத்துவிட்டு எங்களைப் பஸ் ஏற்றிவிட வந்தார். அவள் ஆட வேண்டிய நேரம் வந்ததும் அம்பயர் பேட்டை வாங்கிப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார், இந்த பேட்டில் ஆட முடியாது என்றார். இரண்டு பக்கமும் சிவப்பு ரப்பர். ரப்பரின் கீழ்ப் பகுதியில், கைப்பிடியை ஒட்டி இருக்க வேண்டிய சர்வதேச டேபிள் டென்னிஸ் சம்மேளனத்தின் முத்திரையும் இல்லை. 350 ரூபாய்க்கு நான் வாங்கிக் கொடுத்த பேட் அது.

அம்பயர் மேல் ஒரு குற்றமும் இல்லை. ஒரு பக்கம் கறுப்பாகவும் மறுபக்கம் அதிலிருந்து பளிச்சென்று வேறுபடும் நிறமாகவும் இருக்க வேண்டும் என்பது விதி. இரண்டு பக்கமும் வேறு வேறு குணமுள்ள ரப்பரை ஒரே நிறத்தில் ஒட்டி, ஆட்டத்தின் நடுவே பேட்டைச் சுழற்றி எதிராளியைக் குழப்பிய காலம் ஒன்று இருந்தது. எந்தப் பக்கத்தால் அடிக்கிறான் என்று எதிரே நிற்பவனுக்குத் தெரிய வேண்டும் என்று 1980களில் இந்த நிற விதியைக் கொண்டுவந்தார்கள். நியாயமான விதி. தெரிந்துகொள்ள வேண்டியது நான், தெரிந்துகொள்ளாமல் பிள்ளையைக் கூட்டிப் போய்விட்டேன். அவள் அழவும் இல்லை, பேசவும் இல்லை. கையைக் கட்டிக்கொண்டு சுவர் ஓரமாய் நின்றாள். அப்போது தூத்துக்குடியிலிருந்து வந்திருந்த ஒரு சின்னப் பிள்ளை தன் பையைத் திறந்து, "அக்கா, இது என் ஸ்பேர் பேட், இத வெச்சி ஆடுங்க" என்று நீட்டினாள். பழக்கமில்லாத பேட். 1–3 என்று தோற்றாள். ஆனால் இரண்டாவது கேமை 11–9 என்று எடுத்தாள். திரும்பி வரும்போது பஸ் கோவில்பட்டி தாண்டும் வரை என் மனதில் ஓடியது அந்த முத்திரைதான். யார் போடுகிறார்கள் அதை? எதற்காக?

அன்றிலிருந்து தேடித் தேடிப் படித்தேன். படித்ததில் எனக்குப் பிடித்ததை மட்டும் சொல்கிறேன்.

1926ல் லண்டனில் சர்வதேச டேபிள் டென்னிஸ் சம்மேளனம் உருவானபோது அதைத் தொடங்கிய நாடுகள் ஒன்பது. இங்கிலாந்து, வேல்ஸ், ஜெர்மனி, ஆஸ்திரியா, ஹங்கேரி, செக்கோஸ்லோவாகியா, டென்மார்க், ஸ்வீடன். ஒன்பதாவது இந்தியா. சுதந்திரத்துக்கு 21 வருஷம் முன்னால். அந்த டிசம்பரிலேயே லண்டனில் முதல் உலகச் சாம்பியன்ஷிப் நடந்தது, இந்தியாவுக்காகவும் ஆடினார்கள். ஆடியவர்கள் பெயரில் சுப்பையா என்று ஒன்று இருக்கிறது. எங்கள் பக்கம் தெருவுக்கு நாலு சுப்பையா உண்டு. அதைப் பார்த்த இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. மறுநாள் கரும்பலகையில் எழுதிப் போட்டேன்: 1926, லண்டன், சுப்பையா. 2026ஓடு நூறு ஆண்டு ஆகிறது.

பிங் பாங் என்று பெயர் வைக்காமல் டேபிள் டென்னிஸ் என்று வைத்ததற்கும் காரணம் உண்டு. பிங் பாங் என்பதை விளையாட்டுச் சாமான் விற்பவர்கள் முன்பே தங்கள் வணிகப் பெயராகப் பதிவு செய்துவிட்டார்கள். ஆட்டத்தை நடத்துபவர்களுக்கு எந்தக் கம்பெனிக்கும் சொந்தமில்லாத பெயர் தேவைப்பட்டது.

நம் நாட்டில் இந்த ஆட்டத்தை ஆள்வது இந்திய டேபிள் டென்னிஸ் சம்மேளனம், சுருக்கமாக டிடிஎஃப்ஐ. அது வைத்திருக்கும் கோப்பைகளின் பெயர்களைப் படித்தாலே பாதி வரலாறு வந்துவிடும். தேசியப் போட்டியில் ஆண்கள் அணிக்கு பார்னா–பெல்லாக் கோப்பை. விக்டர் பார்னாவும் லாஸ்லோ பெல்லாக்கும் ஹங்கேரியின் பெரிய ஆட்டக்காரர்கள். பார்னா ஐந்து முறை உலக ஒற்றையர் சாம்பியன். பெண்கள் அணிக்கு ஜெயலட்சுமி கோப்பை. ஆண்கள் ஒற்றையருக்கு, கோதாவரிப் பக்கத்துச் சமஸ்தானத்தின் பெயரில் பித்தாபுரம் கோப்பை. பெண்கள் ஒற்றையருக்குத் திருவிதாங்கூர் கோப்பை. இந்தக் கடைசிப் பெயரை என் பிள்ளைகளிடம் சொல்லும்போது செங்கோட்டையைச் சொல்லித்தான் ஆரம்பிப்பேன். 1956 வரை செங்கோட்டை தமிழ்நாட்டோடு இல்லை, அது திருவிதாங்கூர்ச் சீமை. இன்றும் ஊர் நுழைவு வளைவில் சங்கு முத்திரை இருக்கிறது. குற்றாலம் போகிற வழியில் எத்தனையோ முறை பார்த்த வளைவு அது. இந்தியாவின் சிறந்த பெண் ஆட்டக்காரர் தூக்கும் கோப்பைக்கும் அந்தப் பெயர்தான் என்றதும் பிள்ளைகள் கண் விரிகிறது.

1952ல் பம்பாயில் உலகச் சாம்பியன்ஷிப் நடந்தது. ஆசியாவில் அதுதான் முதல் தடவை. அதற்குப் பிறகு 1975ல் கல்கத்தாவிலும் 1987ல் டெல்லியிலும் நடந்தன. ஆனால் என்னை விடாமல் பிடித்துக்கொண்டது பம்பாய்தான். அதுவரை எல்லோரும் புள்ளிப் புள்ளியாக இருக்கும் ரப்பர் ஒட்டிய பேட்டில் ஆடினார்கள். அடித்தால் டொக் டொக் என்று கேட்கும். ஜப்பானிலிருந்து ஹிரோஜி சாட்டோ என்று ஒருவர் தடித்த ஸ்பாஞ்ச் ஒட்டிய பேட்டோடு வந்தார். அவர் அடித்தால் சத்தமே இல்லை. எதிரே நின்றவர்கள் சத்தத்தை வைத்துப் பந்தின் வேகத்தைக் கணித்துப் பழகியவர்கள், திணறிப்போனார்கள். சாட்டோ ஒற்றையர் பட்டத்தை எடுத்துக்கொண்டு ஊருக்குப் போனார். அப்புறம் உலகம் முழுக்க ஸ்பாஞ்ச் பற்றி வாக்குவாதம். 1959ல்தான் முடிவு வந்தது: ஸ்பாஞ்சும் ரப்பரும் பசையும் எல்லாம் சேர்த்து 4 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. மதுரையில் அந்த அம்பயர் என் பிள்ளையின் பேட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாரே, அந்தப் பழக்கத்தின் ஒரு வேர் பம்பாயில் இருக்கிறது. சாமானை ஒழுங்குபடுத்தாமல் விட்டால் ஆட்டத்தைச் சாமான் ஆடிவிடும் என்று அங்கேதான் எல்லோரும் கண்ணால் பார்த்தார்கள்.

சரி, இரண்டாவது மேசைக்கு வருகிறேன்.

இந்த முறை கடையிலிருந்து தொடங்கவில்லை, பட்டியலிலிருந்து தொடங்கினேன். சர்வதேச சம்மேளனம் தான் அங்கீகரித்த மேசை, நெட், பந்து, ரப்பர் எல்லாவற்றுக்கும் பட்டியல் வெளியிடுகிறது. யார் வேண்டுமானாலும் இணையத்தில் பார்க்கலாம், காசு கிடையாது. கம்பெனி தன் மேசையைச் சோதனைக்கு அனுப்ப வேண்டும். பந்து எழும்பும் உயரம், பலகையின் பளபளப்பு, நிறம், பந்து வழுக்கும் அளவு எல்லாவற்றையும் பார்த்த பிறகுதான் பட்டியலில் ஏறும். அந்தப் பட்டியலில் உள்ள ஒன்றுதான் வேண்டும், பக்கவாட்டில் சர்வதேச முத்திரையும் டிடிஎஃப்ஐ முத்திரையும் இருக்க வேண்டும் என்று எழுதியே அனுப்பினேன். மீரட்டில் செய்தது. 25 மில்லிமீட்டர் கனமுள்ள பலகை. வரி சேர்த்து 52,000. லாரி பார்சலுக்கு 3,200. திருநெல்வேலி லாரி செட்டிலிருந்து குட்டியானை வாடகையும் ஏற்றி இறக்கிய கூலியும் 1,800. கையில் நின்ற 1,000 ரூபாய்க்குப் பந்து வாங்கிவிட்டோம். கம்பெனி பெயரை வேண்டுமென்றேதான் எழுதவில்லை. பட்டியலில் இருக்கிறதா, முத்திரை இருக்கிறதா, ஸ்கேலில் 23 வருகிறதா, இந்த மூன்றையும் பார்த்து எதை வாங்கினாலும் நல்லதுதான்.

2024 ஆகஸ்டில் வந்தது. பிரித்த அன்றே பதினோரு பேரும் ஆளுக்கொரு இடத்தில் பந்தைப் போட்டார்கள். நான் ஒரு சாக்பீஸ் வைத்துக்கொண்டு எழுதினேன். 23, 23, 23. ஒரு இடத்தில் மட்டும் 22 என்று ஒரு பையன் சொன்னான். அவனை இன்னொருத்தி தள்ளிவிட்டு ஸ்கேலை நேராகப் பிடித்துப் போட்டாள், அதுவும் 23. ஓரக் கோடு 20 மில்லிமீட்டர், நடுக்கோடு 3 மில்லிமீட்டர், நெட் உயரம் 15.25 சென்டிமீட்டர், மேசைக்கு வெளியே நெட் நீட்டிக்கொண்டிருப்பதும் இரண்டு பக்கமும் அதே 15.25. எல்லாம் சரியாக இருந்தது.

14 மாதம் கழித்து இன்று எப்படி இருக்கிறது? பலகையில் ஒரு வளைவும் இல்லை. போன மாதமும் ஸ்கேல் வைத்துப் பார்த்தேன், அதே 23. மேல் பூச்சு கொஞ்சம் மங்கியிருக்கிறது, பிள்ளைகள் உட்காரும் இடம் எது என்று பூச்சைப் பார்த்தாலே தெரியும். ஈரத் துணியால் துடைத்து உடனே உலர்ந்த துணியால் துடைக்கிறோம், அவ்வளவுதான் பராமரிப்பு. எடை நூறு கிலோவுக்கு மேல். சக்கரம் இருந்தாலும் எங்கள் ஹாலின் சிமெண்ட் தரையில் பெரியவர் இரண்டு பேர் இல்லாமல் நகர்த்தவே கூடாது என்று விதி போட்டிருக்கிறேன். இரண்டு பாதியாக மடிகிற மேசை. விரிக்கும்போது நடு இணைப்பில் நூல் அளவு ஏற்றத் தாழ்வு வந்துவிடும். காலடியில் திருகும் மட்டம் இருக்கிறது, ஒவ்வொரு முறையும் பார்த்துச் சரிசெய்ய வேண்டும். இதைக் குறையாகச் சொல்லவில்லை, வாங்குபவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று சொல்கிறேன். நல்ல மேசையானாலும் கவனிக்க ஆள் வேண்டும்.

எங்களுக்குப் பெரிய தொல்லை காற்றுதான். ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் காற்று ஜன்னலில் புகுந்தால் 2.7 கிராம் பந்து எங்கே நிற்கும்? ஜன்னல்களை அடைத்தால் வெக்கை, ஃபேன் போட்டால் அதே காற்று. பழைய ஆண்டு விழா பேனர்களை மடித்து ஜன்னலின் கீழ்ப்பாதியில் மட்டும் கட்டினோம். மேல்பாதி வழியாகக் காற்று உள்ளே வருகிறது, மேசை மட்டத்தில் அடிப்பதில்லை. இதைக் கண்டுபிடித்தது ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன்.

மேசை வந்தது ஒரு பாதி. அதில் ஆடக் கற்றுக்கொண்ட பிள்ளை எங்கே போய் ஆடுவாள் என்பது மறுபாதி. அங்கேதான் சம்மேளனத்தின் முக்கியமான வேலை இருக்கிறது. பள்ளிப் போட்டிகள் ஒரு ஏணி: குறுவட்டம், வருவாய் மாவட்டம், மாநிலம் என்று போகும். அதற்குப் பக்கத்திலேயே தனியாக இன்னொரு ஏணி. மாவட்டச் சங்கம், அதன் மேல் தமிழ்நாடு சங்கம், அதன் மேல் டிடிஎஃப்ஐ, அதற்கும் மேல் ஆசிய அமைப்பும் சர்வதேச சம்மேளனமும். 11, 13, 15, 17, 19 வயதுக்கு உட்பட்டோர் என்று பிரித்துப் போட்டி நடத்துவது, தரவரிசை போடுவது, நடுவர்களுக்குத் தேர்வு வைப்பது, இந்திய அணியைத் தேர்ந்தெடுப்பது எல்லாம் இந்த ஏணியில்தான். ஒரு நாட்டுக்கு ஒரு சம்மேளனம்தான் என்பதால், இந்தியச் சட்டை போட வேண்டுமானால் இந்த வாசலைத் தவிர வேறு வாசல் இல்லை.

அதனால்தான் அது ஒழுங்காக நடக்க வேண்டும் என்று கவலைப்படுகிறேன். 2021ல் தேசியப் பயிற்சி முகாமுக்கு வராதவர்களுக்கு அணியில் இடமில்லை என்ற விதியை எதிர்த்து இந்திய ஆட்டக்காரர் மனிகா பத்ரா டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனார். நீதிமன்றம் அந்த விதிக்குத் தடை போட்டது. 2022 பிப்ரவரியில் நிர்வாகக் குழுவையே நிறுத்திவைத்து, ஓய்வுபெற்ற நீதிபதி கீதா மிட்டல் தலைமையில் ஒரு குழுவிடம் பொறுப்பை ஒப்படைத்தது. அந்த டிசம்பரில் தேர்தல் நடந்து, மேக்னா அஹ்லாவத் தலைவரானார். அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண் அவர். பொதுச் செயலாளர் ஆனவர் கமலேஷ் மேத்தா. எட்டு முறை தேசியச் சாம்பியன். மில் மன்றத்தில் அப்பாவின் நண்பர்கள் கமலேஷ் மேத்தாவா, நம்ம மெட்ராஸ் சந்திரசேகரா என்று சண்டை போடுவதைக் கேட்டு வளர்ந்தவள் நான். ஆடியவர் ஒருவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்தது எனக்கு மனதுக்கு நிறைவாக இருந்தது.

ஆனால் எங்கள் பக்கத்திலிருந்து பார்த்தால் ஏணியின் கீழ்ப்படிகள்தான் உயரமாக இருக்கின்றன. போன வருஷம் என் பிள்ளைகளுக்கு ஆடக் கிடைத்தது மொத்தம் மூன்று போட்டி. அதில் ஒன்று சென்னையில். ஒரு பிள்ளையைச் சென்னைக்கு அழைத்துப் போக ரயில், சாப்பாடு, தங்க இடம், நுழைவுக் கட்டணம், அப்பாவின் இரண்டு நாள் கடை வருமானம். மூன்று நாளைக்குள் இரண்டு ஆட்டத்தில் தோற்றுத் திரும்பி வந்தால் அடுத்த முறை அனுப்ப எந்த வீட்டுக்கு மனம் வரும்? உலகச் சாம்பியன்ஷிப்பை மூன்று முறை நடத்திய நாடு இது. சேரன்மகாதேவியிலும் அம்பாசமுத்திரத்திலும் தென்காசியிலும் மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை, முத்திரை உள்ள நான்கு மேசை போட்டு, தகுதியுள்ள அம்பயரை வைத்து, தரவரிசையில் சேரும்படி ஒரு நாள் போட்டி நடத்த முடியும். ஹால் எங்களிடம் இருக்கிறது. அம்பயருக்குச் சாப்பாடு நான் கொண்டு வருகிறேன்.

2025 மார்ச் கடைசியில் நான்கு பிள்ளைகளை நெல்லை எக்ஸ்பிரஸில் ஏற்றிச் சென்னைக்கு அழைத்துப் போனேன், ஆட இல்லை, பார்க்க. ஷரத் கமலின் கடைசிப் போட்டி அது. சொந்த ஊரில் ஆடி விடைபெற்றார். பத்து முறை தேசியச் சாம்பியன், கமலேஷ் மேத்தாவின் எட்டைத் தாண்டியவர். 2006 மெல்போர்ன் காமன்வெல்த் போட்டியில் ஒற்றையர் தங்கம், பதினாறு வருஷம் கழித்து 2022 பர்மிங்காமில் மறுபடியும் ஒற்றையர் தங்கம். 2018 ஜகார்த்தா ஆசியப் போட்டியில் ஆண்கள் அணியும், அவரும் மனிகாவும் ஆடிய கலப்பு இரட்டையரும் வெண்கலம் எடுத்ததுதான் ஆசிய விளையாட்டில் நமக்கு டேபிள் டென்னிஸில் கிடைத்த முதல் பதக்கங்கள். கடைசி ஆட்டத்தில் ஸ்னேகித் சுரவஜ்ஜுலா என்ற இளைஞரிடம் தோற்றார். அரங்கமே எழுந்து நின்றது, நாங்களும் நின்றோம்.

டீக்கடைக்காரர் மகள் எழுந்து நின்றபடியே மேசையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். "டீச்சர், இதுவும் நம்ம டேபிள் அளவுதானா? டிவியில பெருசா தெரியுமே" என்றாள். அதே அளவுதான் என்றேன். "பந்தும் 23தான் எந்திரிக்குமா?" ஆமா என்றேன். அப்புறம் ரயிலில் அதைப் பற்றி அவள் ஒன்றும் கேட்கவில்லை. ஊருக்கு வந்த மறுநாள் காலை ஏழேகாலுக்கு ஹால் சாவி வேண்டும் என்று என் வீட்டு வாசலில் நின்றாள்.

இப்போது அவள் கையில் இருக்கும் பேட்டில் ஒரு பக்கம் கறுப்பு, ஒரு பக்கம் சிவப்பு, இரண்டிலும் முத்திரை உண்டு. 2,800 ரூபாய், பாதி அவள் அப்பா கொடுத்தார். தூத்துக்குடிப் பிள்ளைக்கு ஒரு புது ரப்பர் வாங்கி வைத்திருக்கிறேன், அடுத்த போட்டியில் பார்த்தால் கொடுக்க வேண்டும்.

மேசைக்கு ஐந்துக்கு நாலரை போடுகிறேன். அரை மதிப்பெண் குறைத்தது விலைக்காக. 52,000 ரூபாய் ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்துக்குப் பெரிய தொகை, எங்களுக்குப் பழைய மாணவர்கள் இருந்தார்கள். வாங்கும் முன் ஒரு நல்ல மேசையில் பந்து எப்படி எழும்பும் என்று பார்க்க விரும்புகிற பள்ளிக்கூடத்தார் யாராக இருந்தாலும், பள்ளி நாட்களில் மாலை நாலரைக்கும் ஆறுக்கும் நடுவில் வரலாம். ஸ்கேல் இங்கே இருக்கிறது. பந்து மட்டும் கொண்டு வாருங்கள், எங்களிடம் எப்போதும் தட்டுப்பாடு.